எஸ்பெராண்டோவில் ஆசைப்படுவது எப்படி? நான் கேட்ட சில பேச்சுகள்

எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொது மொழியாக உருவாக்கப்பட்ட மொழியில் காணொளி வழியாக வாராவாரம் அரட்டை அடிக்கும் ஒரு வட்டத்தில் நானும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது ‘வேண்டும்’ என்று சொல்கிற இடத்தில்தான்.

தனக்கு வேண்டுமென்றால் சிக்கல் இல்லை. ‘மி வோலாஸ் வேனி’, நான் வர விரும்புகிறேன், அவ்வளவுதான். இன்னொருவர் வர வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் வம்பு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் வெகுநாள் ‘மி வோலாஸ் வின் வேனி’ என்றே பேசிக்கொண்டிருந்தார். அவர் மொழியின் வழக்கம் அது. எஸ்பெராண்டோவில் ‘மி வோலாஸ், கே வி வேனு’ என்று இரண்டு வாக்கியமாகப் பிரிக்க வேண்டும். நடுவில் ‘கே’, வினையின் கடைசியில் ‘உ’.

இந்த ‘உ’ எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த மொழியை உருவாக்கிய சாமென்ஹோஃப் தந்த 16 இலக்கண விதிகளில் ஆறாவது விதி இதைக் கட்டளை வடிவம் என்கிறது. அந்தப் பெயர்தான் பலரைக் குழப்புகிறது என்பது என் கட்சி. 1905இல் வந்த, இந்த மொழியின் அடிப்படை நூலான ‘ஃபுந்தாமெந்தோ’வின் பயிற்சியிலேயே ‘லி வேனு, காய் மி பார்தோனோஸ் அல் லி’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அவன் வரட்டும், மன்னித்துவிடுகிறேன். இதில் யாரும் யாரையும் அதட்டவில்லையே! இப்போதைய இலக்கண நூல்கள் ‘விருப்ப வடிவம்’ என்ற பொருளில் வேறு பெயர் வைத்திருக்கின்றன, அதுதான் சரி. ‘வரட்டும்’, ‘மூடட்டுமா’ என்று பேசி வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘ச்சு மி ஃபேர்மு லா போர்தோன்?’ என்றால் கதவை மூடட்டுமா என்றுதான் அர்த்தம். ஐரோப்பியர் சிலர் இந்தக் கேள்விக்கு ‘முடியுமா’ என்ற வினையைச் சேர்த்துச் சுற்றி வளைப்பதைக் கேட்டிருக்கிறேன்.

பிரேசில்காரர் ஒருவரின் தடுமாற்றம் வேறு மாதிரி. ‘மி எஸ்பேராஸ், கே வி வேனு’ என்பார். நம்பிக்கையைச் சொல்லும்போதும் போர்ச்சுகீசியத்தில் வினை விருப்ப வடிவுக்கு மாறிவிடும், அந்தப் பழக்கம். எஸ்பெராண்டோவில் நம்புவது வேறு, விரும்புவது வேறு. நம்பினால் சாதாரண எதிர்காலம்: ‘மி எஸ்பேராஸ், கே வி வேனோஸ்’. வருவீர்கள் என்று நம்புகிறேன். கேட்பது, வேண்டுவது, உத்தரவிடுவது, ஆலோசனை சொல்வது என்றால் ‘உ’. ‘நீங்கள் வரட்டும் என்று நம்புகிறேன்’ என்று தமிழில் யாராவது சொன்னால் காது கூசும் இல்லையா? அந்தக் கூச்சத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்று வட்டத்தில் உள்ள இன்னொரு தமிழருக்குச் சொன்னேன். அதற்கப்புறம் இந்த இடத்தில் அவருக்குச் சந்தேகம் வந்து பார்க்கவில்லை.

வாழ்த்துகளில் வரும் ‘ன்’ பற்றியும் அடிக்கடி கேள்வி வரும். ‘போனான் மாத்தேனோன்’ என்றால் காலை வணக்கம், ‘போனான் அபேத்தீத்தோன்’ என்றால் நன்றாகச் சாப்பிடுங்கள். வினையே இல்லாத இடத்தில் செயப்படுபொருள் உருபு எதற்கு? ‘உங்களுக்கு வாழ்த்துகிறேன்’ என்பது சொல்லாமலே உள்ளே இருக்கிறது. ‘நல்ல காலையை’ என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறோம்.

மரியாதை விஷயத்தில், வினையின் கடைசியில் வரும் நிபந்தனை விகுதியான ‘உஸ்’ கைகொடுக்கும். ‘மி வோலாஸ் காஃபோன்’, எனக்குக் காபி வேண்டும் என்பது, இலக்கணப்படி தவறே இல்லை, ஆனால் அடம்பிடிக்கும் பிள்ளை மாதிரி ஒலிக்கும். நேரில் கூடிய ஒரு சந்திப்பில் இளைஞர் ஒருவர் இப்படிக் கேட்டதும், காபி ஊற்றிக்கொண்டிருந்த போலந்துப் பெரியவர் ‘அங்காவ் மி’ என்றார், அதாவது ‘எனக்கும்தான்’. பையன் முழித்தான். பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். அடுத்த வாய்ப்பில் ‘மி ஷாத்துஸ் காஃபோன், மி பேத்தாஸ்’, அதாவது ‘காபி கிடைத்தால் நன்றாக இருக்கும், தயவுசெய்து’ என்று வந்தது, கோப்பையும் வந்தது.