பாட்டில் படத்தில் லேபிள் எழுத்து ஒட்டவே மாட்டேன் என்கிறது, என்ன தவறு செய்கிறேன்?

மாவடு (கிருஷ்ணகிரி):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெரு மகளிர் குழுவில் இந்த முறை கிளிமூக்கு மாங்காயில் தொக்கு போட்டு விற்கிறார்கள். பெங்களூரா என்போமே, அதே காய்தான். அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். நோட்டீஸுக்கு ஒரு பாட்டில் படம் வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரைகிறேன். கண்ணாடி, மூடி, உள்ளே மேலாக நிற்கும் எண்ணெய் எல்லாம் மனசுக்குப் பிடித்த மாதிரி வந்துவிட்டது. லேபிள் மட்டும் வரவில்லை.

லேபிளில் இரண்டு வரி. மேலே ‘கிளிமூக்கு’, கீழே ‘மாங்காய்த் தொக்கு’. முதலில் தட்டையாக வைத்தேன், பாட்டிலுக்கு முன்னால் அட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. அப்புறம் இன்க்ஸ்கேப் என்ற இன்னொரு வரைகலை மென்பொருளில் ஒரு வளைகோடு போட்டு அதன் மேல் எழுத்தை ஓடவிட்டேன். வளைந்தது, ஆனால் வாசலில் தோரணம் கட்டியது போலத் தொங்குகிறது. பாட்டிலைச் சுற்றிப் போகிற உணர்வே இல்லை. இரண்டு வரிக்கும் ஒரே வளைவுதான் கொடுத்திருக்கிறேன். லேபிளின் அடி ஓரமும் பாட்டிலின் அடியும் நேர்கோடு, ஏனென்றால் பாட்டில் மேசை மேல் இருக்கிறது. மூடியின் மேல்புறம் நீள்வட்டமாகத் தெரிகிறது.

படத்தில் பாட்டில் 8 செ.மீ. அகலம். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன், யாராவது சொல்லுங்கள்.

போர்டு எழுதுபவன் (தருமபுரி):

தங்கச்சி, நான் கம்ப்யூட்டரில் வரைகிறவன் இல்லை. சுவரிலும் தண்ணித் தொட்டியிலும் பெயிண்டில் எழுதுகிறவன். ஆனால் உங்கள் சிக்கல் எனக்கு நன்றாகத் தெரிந்த சிக்கல்.

ஊர்களில் உயரமாக நிற்கும் வட்டத் தொட்டியில் எழுதும்போது ரசமட்டம் பார்த்து நூல் பிடித்துக் கோடு போடுவோம். கோடு சுத்தமான மட்டம். கீழே இறங்கி ரோட்டிலிருந்து பார்த்தால் அதே கோடு வில் மாதிரி நடுவில் மேலே எழும்பி நிற்கும். காரணம், அது நம் கண்ணுக்கு மேலே இருக்கிறது. கண்ணுக்குக் கீழே இருக்கிற பொருளில் அதே கோடு நடுவில் தொங்கும். கண்ணுக்கு நேராக இருந்தால் வளைவே தெரியாது. உங்கள் மூடியின் மேல்புறம் தெரிகிறது என்றால் கண் மூடிக்கு மேலே இருக்கிறது. அப்படியானால் கீழே போகப் போக வளைவு கூடிக்கொண்டே போக வேண்டும். ‘கிளிமூக்கு’ வரி கொஞ்சம் தொங்கும், ‘மாங்காய்த் தொக்கு’ இன்னும் கொஞ்சம், லேபிளின் அடி ஓரம் அதைவிட, பாட்டிலின் அடி எல்லாவற்றையும்விட அதிகம். மேசையில் இருக்கிறது என்பதற்காக அடியை நேர்கோடாகப் போட்டால் மூடி ஒரு கண்ணும் அடி வேறொரு கண்ணும் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. நான் தொட்டியில் எழுதும்போது எந்த எழுத்தையும் சாய்த்ததில்லை. எல்லாம் நிமிர்ந்துதான் நிற்கும். நீங்கள் வளைகோட்டில் ஓடவிட்டதும் ஒவ்வொரு எழுத்தும் கோட்டோடு சேர்ந்து திரும்பிவிட்டது, தோரணத்தில் மாவிலை சாய்கிற மாதிரி. நிற்கிற பாட்டிலில் செங்குத்துக் கோடு செங்குத்தாகவே இருக்கும். எழுத்து சாயாது, படி இறங்கும். இடப்பக்கத்து எழுத்துக்கு இடது கால் சற்று மேலே, வலது கால் சற்றுக் கீழே. நடுவைத் தாண்டினால் அது மாறும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் கண் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

கணக்கு டீச்சர் (பாலக்கோடு):

அண்ணன் சொன்னது சரி. வளைவோடு சேர்த்து அகலத்தையும் கவனிக்க வேண்டும். ஓரத்துக்குப் போகப் போக எழுத்து நெருங்கும். அது இல்லாமல் எவ்வளவு வளைத்தாலும் லேபிள் உருளையைச் சுற்றாது.

உங்கள் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். ஆரம் 4 செ.மீ. முன்பக்கத்து அரைச் சுற்று விரித்தால் சுமார் 12.6 செ.மீ. காகிதம். படத்தில் அது 8 செ.மீ.க்குள் அடங்குகிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சுருங்காது. நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்தை மூன்று 30 டிகிரித் துண்டாகப் பிரியுங்கள். காகிதத்தில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 செ.மீ. படத்தில் முதல் துண்டு 2 செ.மீ., இரண்டாவது 1.46, மூன்றாவது வெறும் 0.54. பத்தாம் வகுப்பு சைன் அட்டவணைதான், ஆரத்தைச் சைனால் பெருக்கியது. கடைசித் துண்டில் காகிதத்தின் கால் பங்கு அகலம்தான் மிஞ்சுகிறது பாருங்கள், அங்கே விழுகிற எழுத்தைப் படிக்கவே முடியாது.

அதனால் படிக்க வேண்டிய எழுத்தை நடுவிலிருந்து இருபுறமும் 45 டிகிரிக்குள் வையுங்கள். காகிதத்தில் அது 6.3 செ.மீ., படத்தில் 5.7. சுருக்கம் உறுத்தாது, உருண்டையும் தெரியும். ‘மாங்காய்த் தொக்கு’ நீளம். அதற்குள் அடங்கவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது மூன்று வரியாக உடையுங்கள். ஓரத்துக் கடைசித் துண்டுகளில் மாவிலை, பார்டர் மாதிரி ஏதாவது போகட்டும். அவை நெருங்கி நெருங்கி மறைவதுதான் லேபிள் பின்னால் போகிறது என்று சொல்லும்.

கிரிட்டாவில் டிரான்ஸ்ஃபார்ம் கருவியில் மெஷ் முறை இருக்கிறது, படத்தின் மேல் வலை மாதிரிக் கோடுகள் வரும், அவற்றை இழுத்தால் படமும் வளையும். தட்டையான லேபிளுக்கு ஆறு பத்தி வைத்து, அந்தக் கோடுகளை மேலே சொன்ன அளவுக்கு முதலில் நகர்த்துங்கள். அகலம் சரியான பிறகு வளைவைக் கீழே இழுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது எதைக் கெடுத்தது என்றே தெரியாது.

மாவடு:

டீச்சர், அண்ணா, ரொம்ப நன்றி. நெருக்கம் பற்றி யோசித்ததே இல்லை. ஒரு சந்தேகம்: வளைகோட்டில் ஓடவிட்டபோது ‘தொ’வில் கொம்பு தனியாக, கால் தனியாக விலகி நின்றது. மெஷ்ஷிலும் அப்படி ஆகுமா?

முப்பரிமாணம் (ஓசூர்):

எழுத்து எழுத்தாகவே இருக்கும்வரை அந்த ஆபத்து உண்டு. தமிழில் ‘தொ’ ஒரே எழுத்து, ஆனால் எழுத்துருவுக்குள் கொம்பு, த, கால் என்று மூன்று துண்டு. சில மென்பொருள்களில் வளைகோட்டில் வைத்தால் மூன்றும் தனித்தனியாகத் திரும்பும். அதனால் முதலில் பிழை பார்த்துவிட்டு, இன்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து வெறும் வடிவமாக்குங்கள். அதை நல்ல பெரிய அளவில் ஏற்றுமதி செய்து கிரிட்டாவுக்குக் கொண்டுபோங்கள். அப்புறம் எதுவும் பிரியாது. அசல் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வடிவமான பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது.

எழுத்தைச் சுற்றி வெள்ளை அவுட்லைன் போடுவதாக இருந்தால் அதையும் வளைப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஓரத்தில் நிமிர்ந்த கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் அதே தடிமனில் இருக்கும். கடைசியில் போட்ட அவுட்லைன் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக நின்று, செய்த வேலையை எல்லாம் தட்டையாக்கிவிடும்.

லேபிள் உட்கார்ந்த பிறகு பாட்டிலின் நிழலை லேபிளுக்கு மேலே ஒரு லேயரில் மல்டிப்ளை (கீழே இருப்பதை இருட்டாக்கும் கலப்பு முறை) வைத்துப் பூசுங்கள், எழுத்தும் சேர்ந்து இருள வேண்டும். கண்ணாடியில் இருக்கிற கூர்மையான வெள்ளைப் பளபளப்பை அப்படியே காகிதத்தின் மேல் இழுக்காதீர்கள். காகிதத்தில் அது அகலமாக, மங்கலாக விழும்.

நான் என்றால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு உருளை போட்டு, லேபிளைச் சுற்றி, அதைப் படமாக ரெண்டர் எடுத்து, அதன் மேல் வரைவேன். நிறைய பாட்டில் வரைய வேண்டி வந்தால் கற்றுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரே பாட்டில் என்றால் மெஷ் போதும்.

போர்டு எழுதுபவன்:

அதைவிட எளிது ஒன்று இருக்கிறது. லேபிளைத் தட்டையாக பிரிண்ட் எடுத்து நிஜ பாட்டிலில் சுற்றி ஒட்டிப் பாருங்கள் தங்கச்சி.

கணக்கு டீச்சர்:

போட்டோ எடுப்பதானால் போனைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பாட்டிலின் நடுவிலிருந்து 8 செ.மீ. தூரத்தில் லென்ஸ் இருந்தால் ஒரு பக்கம் 60 டிகிரிதான் தெரியும். 1 மீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய 88 டிகிரி தெரியும். நான் கொடுத்த அளவு தள்ளி நின்று பார்ப்பதற்கானது. தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள்.

மாவடு:

முடிந்தது! அம்மா கழுவி வைத்திருந்த காலி பாட்டிலில் பிரிண்டை ஒட்டி, ஜன்னல் ஓரம் வைத்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து எடுத்தேன். ‘தொக்கு’வின் கடைசி ‘கு’ எவ்வளவு ஒல்லியாகிறது என்று போட்டோவில் பார்த்த பிறகுதான் டீச்சரின் கணக்கு எனக்கு உறைத்தது. மூன்று வரியாக உடைத்தேன். ஓரத்தில் மாவிலை பார்டர் நெருங்கி மறைகிறது. பாட்டிலின் அடியையும் வளைத்துவிட்டேன், மூடியைவிட அதிகமாக. எழுத்தெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது அண்ணா.

அம்மாவிடம் காட்டினேன். லேபிளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. “எண்ணெய் இன்னும் ஒரு விரல் மேலே நிற்கணும், இல்லேன்னா தொக்கு கெட்டுப்போயிடும்” என்றார். அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.