குடலில் கல்: உங்கள் வீட்டில் யாருக்காவது வந்திருக்கிறதா?

செல்வி
அப்பாவுக்கு 78. இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு படுக்கைதான். வலி மாத்திரையால் பத்து நாள் சரியாகப் போகவில்லை, அப்புறம் திடீரென்று தண்ணீராகப் போக ஆரம்பித்தது. வயிற்றுப்போக்கு என்று நினைத்து நானே மெடிக்கலில் நிறுத்துகிற மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். உள்ளே மலம் கல்லாக இறுகி அடைத்திருக்கிறது, அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசிந்திருக்கிறது. டாக்டர் கையுறை போட்டு விரலால் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்தார். ட்ரேயில் விழும்போது டக்கென்று சத்தம். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மாத்திரைதான் இன்னும் இறுக்கியது என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

ராஜாமணி
எங்கள் அத்தைக்கு மூன்று நாள் பச்சையாக வாந்தி, வயிறு பானை மாதிரி. ஸ்கேனில் பித்தக்குழாயில் காற்று, சிறுகுடல் முடிகிற இடத்தில் கல். பித்தப்பை புண்ணாகிக் குடலோடு ஒட்டி, ஓட்டை விழுந்து, அது வழியாகப் பித்தப்பைக் கல் குடலுக்குள் இறங்கியிருக்கிறது. குடலைக் கீறி எடுத்துத் தைத்தார்கள். பாட்டிலில் காட்டினார்கள், கொட்டைப்பாக்கு அளவு. அத்தை அதைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றார்.

குமார்
வாழைத்தண்டுச் சாறு கொடுத்திருந்தால் கரைந்திருக்கும். கோலாவும் கரைக்கும் என்கிறார்கள்.

மீனா
குமார் அண்ணா, தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். வாழைத்தண்டைச் சொல்வது சிறுநீரகக் கல்லுக்கு. கோலா கொடுப்பது இரைப்பையில் நார் சேர்ந்து உருண்டையாகும் கட்டிக்கு, அதுவும் டாக்டர் பார்த்துக் கொடுப்பது, ஏனென்றால் பாதி கரைந்த துண்டு கீழே இறங்கிச் சிறுகுடலை அடைக்கலாம். வாந்தியும் வயிறு வீக்கமும் இருக்கிறவருக்கு வாய்வழியே எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். என் தம்பிக்குக் குடல்வாலில் சின்னக் கல். ஆன்டிபயாடிக் ஊசியில் வலி போனது, மூன்றே வாரத்தில் நடுராத்திரி திரும்பி வந்தது, ஆபரேஷன். 2020-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், குடல்வால் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் மட்டும் எடுத்தவர்களில் கல் இருந்த 100-க்கு 41 பேருக்கு 90 நாளுக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது, கல் இல்லாதவர்களில் 25. முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த ராத்திரியைத் தவிர்த்திருப்போம்.

செல்வி
மீனா, அப்பாவுக்கு இப்போது தினமும் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப். நான் மறந்தாலும் அவரே கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.