'மூன்ஷைனர்ஸ்': கள்ளச்சாராயம் காய்ச்சுறவரை நாயகன் ஆக்கலாமா?

செங்காந்தள்:
லீவு கிடைச்ச நாலு நாளும் உட்கார்ந்து 'மூன்ஷைனர்ஸ்' பார்த்தேன். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், டிஸ்கவரி சேனல்ல 2011 டிசம்பர்ல ஆரம்பிச்ச ரியாலிட்டி ஷோ அது. அமெரிக்காவுல அப்பலாச்சியன் மலைப் பக்கம், வர்ஜீனியா, டென்னசி, வட கரோலினா காடுகளுக்குள்ள ஒளிஞ்சு சோளச் சாராயம் காய்ச்சுறவங்களோட கதை. பளபளன்னு செப்பு அண்டா, ஓடைத் தண்ணி, பின்னாடி பாஞ்சோ வாசிப்பு, திடீர்னு தூரத்துல ஒரு வண்டி வெளிச்சம். எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் புதருக்குள்ள உட்கார்றாங்க. பார்க்க அழகா இருக்கு. என் கோபமே அதுதான்.

நான் செவிலியர். மெத்தனால்ங்கிற விஷச் சாராயம் கலந்ததைக் குடிச்சு வந்தவங்களைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். "கண்ணு முன்னாடி புகை மூட்டமா இருக்கும்மா"ன்னு ஆரம்பிப்பாங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குவாங்க. சில பேருக்கு மறுநாள் அந்தப் புகை கூடத் தெரியாது. நான் பார்த்த எபிசோடு எதுலயும் கண்ணு போன ஒரு ஆளைக் காணோம், குடிச்சே குடும்பத்தை அழிச்ச ஒரு ஆளும் இல்லை. காய்ச்சுறவர் மட்டும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறார். குற்றத்தை இப்படிப் பொழுதுபோக்கா காட்டலாமா?

மலைநாடன்:
அக்கா, உங்க அனுபவத்துக்கு முன்னாடி நான் எதுவும் பேச முடியாது. ஆனா அந்த மலைக்காரங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க. நான் 14 வருஷமா டென்னசியில நாக்ஸ்வில்லில் இருக்கேன். ஒரு மணி நேரம் கார் ஓட்டினா காக் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), அந்த ஷோவுல வர்ற மாதிரி ஊர்தான்.

அவங்களுக்குச் சாராயம்ங்கிறது சோளத்தை விக்கிற வழியா இருந்துச்சு. ரோடே இல்லாத மலையிலிருந்து மூட்டை மூட்டையா சோளத்தை இறக்கிக் கட்டுப்படியாகாது. அதையே காய்ச்சினா ஒரு குதிரை மேல ஏத்திட்டுப் போயிடலாம், விலையும் நின்னு கிடைக்கும். 1791ல அப்ப நிதி அமைச்சரா இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் யோசனைப்படி விஸ்கிக்கு வரி போட்டாங்க. மேற்கு பென்சில்வேனியா விவசாயிங்க கிளர்ந்து எழுந்தாங்க, 1794ல அவங்களை அடக்க ஜார்ஜ் வாஷிங்டனே கிட்டத்தட்ட 13,000 பேரோட கிளம்பினார். அதிபர் ஜெபர்சன் காலத்துல 1802ல அந்த வரி போச்சு. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862ல திரும்பி வந்துச்சு, அதோட நிலைச்சுப் போச்சு. வரி கட்டாம ராத்திரி நிலா வெளிச்சத்துல காய்ச்சினதாலதான் மூன்ஷைன்னு பேரே.

முதல் சீசன்ல பழைய காட்சிகள்ல ஒரு தாடிக்காரப் பெரியவர் வருவாரே, பாப்கார்ன் சட்டன், அவர் கதையைப் படிங்க. வட கரோலினா மேகி வேலியில பிறந்தவர், பரம்பரையா காய்ச்சின குடும்பம். 2008ல மத்திய அதிகாரிங்க பிடிச்சாங்க. 2009 ஜனவரியில 18 மாசம் சிறைத் தண்டனை. வீட்டுக்காவல்ல இருந்துக்கிறேன்னு கேட்டுப் பார்த்தார், நீதிபதி ஒத்துக்கலை. மார்ச்சுல சிறைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்துல உயிரை மாய்ச்சுக்கிட்டார், 62 வயசு. அதே 2009ல டென்னசி சட்டத்தைத் திருத்திப் பல கவுண்டிகள்ல லைசென்ஸ் வாங்கிக் காய்ச்சலாம்னு சொல்லிட்டாங்க. 2010ல கேட்லின்பர்க்கில் ஓல் ஸ்மோக்கி கடை திறந்துச்சு. இன்னைக்கு வரிசையில நின்னு டூரிஸ்டுங்க ஜாடி ஜாடியா வாங்குறாங்க. சட்டனோட பேரையே லேபிள்ல ஒட்டிச் சட்டப்படி வித்தாங்க. அந்த மனுஷன் செஞ்சது குற்றம், அவர் பேரை விக்கிறது வியாபாரமா? இந்த அநியாயத்தை ஊருக்குச் சொன்னதே இந்த மாதிரி ஷோதான்.

வேதிக்குடுவை:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். கல்லூரியில வேதியியல் எடுக்கிறவன். இந்தப் பேச்சுல எப்பவும் ரெண்டு விஷயம் குழம்பும்.

சோளத்தையோ சர்க்கரையையோ ஊறல் போட்டுக் காய்ச்சுறப்ப ஆளைக் கொல்ற அளவுக்கு மெத்தனால் வராது. பழத்துல பெக்டின்ங்கிற பொருள் இருக்கிறதால கொஞ்சம் கூடுதலா வரும், அதுவும் சாதாரணமா சாவுற அளவு கிடையாது. கொத்துக் கொத்தா சாவு விழுந்த இடத்துலயெல்லாம் தோண்டிப் பார்த்தா, பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த மெத்தனாலை யாரோ தண்ணியில கலந்து வித்திருப்பாங்க. அங்க காய்ச்சுறதே நடக்கலை. 2023 மே மாசம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமுமா 20 பேருக்கு மேல செத்தாங்களே, அதுவும் இதுதான். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60 பேருக்கு மேல போனதும் மெத்தனால்தான்.

உடம்புக்குள்ள போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாவும், அப்புறம் ஃபார்மிக் அமிலமாவும் மாத்துது. கண் நரம்பைத் தாக்குறது அந்த அமிலம். இதுக்குச் சில மணி நேரம் ஆகும். அதனாலதான் குடிச்ச உடனே ஒண்ணும் தெரியாம வீட்டுக்குப் போய்ப் படுத்துடுறாங்க.

அதுக்காகக் காட்டுல காய்ச்சினது பத்திரம்னு நான் சொல்ல வரலை. சாராய ஆவியைக் குளிர்விக்கப் பழைய வண்டி ரேடியேட்டரை வைக்கிற பழக்கம் அமெரிக்காவுல உண்டு. அதுல பத்த வைச்ச ஈயம் சாராயத்துல இறங்கும். ஈயம் ஒரே நாள்ல கொல்லாது, வருஷக் கணக்கா நரம்பையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். அப்புறம் தீ விபத்து.

செங்காந்தள்:
ஐயா, இது தெரியாமத்தான் இருந்தேன், நன்றி. ஆனா குடிக்கிறவருக்கு எப்படித் தெரியும், இது காய்ச்சினதா கலந்ததான்னு? வாங்குற இடம் ஒண்ணுதான். சீல் கிடையாது, பேர் கிடையாது, ஏதாவது ஆனா போய்க் கேட்க ஆள் கிடையாது.

மலைநாடன் தம்பிக்கு ஒண்ணு. அந்த நாட்டுல நடக்காததா? 1951 அக்டோபர்ல அட்லாண்டாவுல ஒரு சாராய வியாபாரி மெத்தனாலைக் கலந்து வித்ததுல 40 பேர் அளவுக்குச் செத்தாங்க, பல பேருக்குக் கண்ணு போச்சு. ரொம்பப் பேர் ஏழைக் கறுப்பின மக்கள். அந்த ஷோவுல தாத்தா காலத்துப் பெருமை, தாத்தா காலத்து அண்டா எல்லாம் வருது. இந்தத் தாத்தாக்கள் பாட்டிகள் ஏன் வரலை? நீங்க சொன்ன டூரிஸ்ட் கடையும் எனக்கு உறுத்துது. ஷோவுல கள்ளத்தனமா காய்ச்சிப் பேர் வாங்கின டிம் ஸ்மித் அப்புறம் தன் ஊர்ப் பேரையே வைச்சுச் சட்டப்படி ஒரு பிராண்டு கொண்டு வந்துட்டார். அப்ப அந்த ஷோ யாருக்கு விளம்பரம்?

காட்சிமேசை:
நான் தொலைக்காட்சியில எடிட்டிங் வேலை பார்க்கிறவன், ரியாலிட்டி ஷோக்களும் வெட்டி ஒட்டியிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் அந்தக் காட்சிகள் உண்மையா நடந்ததுன்னு நம்பிப் பேசுறீங்க. அங்கயே நான் நிக்கிறேன்.

வர்ஜீனியா மாநிலத்தோட மதுக் கட்டுப்பாட்டுத் துறை அந்த ஷோ வந்த புதுசுலயே சொல்லிடுச்சு, உண்மையா சட்டவிரோதமா காய்ச்சியிருந்தா நாங்க நடவடிக்கை எடுத்திருப்போம்னு. மூன்ஷைன் வரலாறு பத்தின ஆவணப்படம்னு நினைச்சுத்தான் ஒத்துழைச்சோம், இப்படிக் காட்டுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா கலந்துக்கிட்டே இருக்க மாட்டோம்னும் சொன்னாங்க. அமெரிக்காவுல வீட்டுல பீர், வைன் போட்டுக்கலாம். 1978ல அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் பீருக்கும் வழி விட்டுச்சு. ஆனா சொந்தக் குடிக்கே ஆனாலும் சாராயம் காய்ச்சுறது மத்தியச் சட்டப்படி குற்றம், 5 வருஷம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். இப்படியிருக்க, முகத்தையும் ஊரையும் சொல்லிக்கிட்டு வாரா வாரம் ஒருத்தர் டிவியில காய்ச்சுவாரா?

அந்தப் புதர்க் காட்சியை எடிட்டர் கண்ணால பாருங்க. ஒளிஞ்சிருக்கிறவங்க பக்கத்துல ஒரு கேமரா இருக்கு. எதிர்ல தூரத்துல வண்டி வெளிச்சத்தை எடுக்க இன்னொரு கேமரா இருக்கு. ரெண்டு கேமராக்காரங்களும் சவுண்டு எடுக்கிறவரும் நிக்கிற இடத்துல ஒளிஞ்சு என்ன பிரயோஜனம்? பயத்தை உண்டாக்குறது அந்த இசையும் வெட்டும்தான். நான் அதே வேலையைச் செஞ்சு சம்பளம் வாங்குறதால ஒரு நிமிஷத்துல பிடிபடுது. என் குறை என்னன்னா, பொய்யா ஒரு ஆபத்தை ஜோடிச்சுக் காட்டிட்டு, செங்காந்தள் அக்கா சொல்ற நிஜ ஆபத்தை வெளியே நிறுத்திட்டாங்க.

மலைநாடன்:
அண்ணா, ஷோ ஜோடனைன்னா ஒத்துக்கிறேன். அந்த வாழ்க்கை ஜோடனை இல்லையே. ஜூனியர் ஜான்சன் பேர் கேட்டிருப்பீங்க, நாஸ்கார் கார்ப் பந்தயத்துல 50 ரேஸ் ஜெயிச்சவர். சின்ன வயசுல அப்பாவோட சாராயத்தைக் காரில் ஏத்திக்கிட்டு அதிகாரிங்களைத் தாண்டி ஓட்டிப் பழகினவர். 1956ல அப்பாவோட அண்டாப் பக்கத்துல பிடிபட்டு ஓஹையோ சிறையில 11 மாசம் இருந்தார். 1986ல அதிபர் ரீகன் மன்னிப்புக் கொடுத்தார். இந்த மக்களைப் பத்திப் படம் எடுக்கிறதே தப்புன்னா அவங்க சரித்திரத்துல பாதி போயிடும்.

தன் வீட்டுக் கொல்லையில தனக்காக ரெண்டு பாட்டில் காய்ச்சினவருக்கு 5 வருஷம்னா அதுவும் நியாயமில்லை. நியூசிலாந்துல 1996லயே இதை அனுமதிச்சுட்டாங்க. 2024 ஜூலையில டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த் நீதிபதி ஒருத்தர் இந்தத் தடை அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதுன்னு தீர்ப்பே கொடுத்தார், வழக்குப் போட்டவங்களுக்கு மட்டும் பொருந்துற மாதிரி. அது மேல்முறையீட்டுக்குப் போச்சு.

மலையடிவாரம்:
நான் ரொம்ப எழுத மாட்டேன். படிச்சுக்கிட்டு மட்டும் இருப்பேன். இதுக்கு எழுதணும்னு தோணுச்சு.

எங்க ஊர் கல்வராயன் மலை அடிவாரம். எங்கப்பா காய்ச்சினவர். எனக்கு ஏழு வயசுல முதல் தடவை ஜெயிலுக்குப் போனார், நான் பத்தாவது படிக்கிறப்ப மூணாவது தடவை. நாங்க கேமராவைப் பார்த்தது ஒரே மாதிரிதான். மலைக்குள்ள பேரல் பேரலா ஊறலைக் கண்டுபிடிச்சு போலீசுங்க கவுத்து ஊத்துவாங்க. அந்தப் படம் மறுநாள் பேப்பர்ல வரும், இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்புன்னு. படத்துல போலீசும் பேரலும் மட்டும் இருக்கும். நீங்க எழுதினதைப் படிச்சப்ப புரிஞ்சுது, அமெரிக்காவுல கேமரா காய்ச்சுறவர் பக்கத்துல உட்கார்ந்திருக்கு, இங்க போலீசுக்குப் பின்னாடி நிக்குது. எங்கம்மா ரெண்டு கேமராவுலயும் வர மாட்டாங்க.

அப்பா உள்ள இருந்தப்ப வக்கீலுக்குக் கட்ட ஆட்டை வித்தது அம்மா. வெல்லக் கடைக்காரர் பாக்கி கேட்டு வாசல்ல வந்து கத்துறப்ப பதில் சொன்னது அம்மா. மலைநாடன் அண்ணா, பரம்பரைத் தொழில்னு பெருமையா சொல்றீங்க. எங்கப்பா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனா வருஷத்துல பாதி நாள்தான் வேலை, மீதி நாளைக்கு இது, அவ்வளவுதான். என்னைக் காலேஜுக்கு அனுப்பினதே அண்டாப் பக்கம் போகாம இருக்கத்தான்.

மலைநாடன்:
தம்பி, படிச்சு முடிச்சு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணலை. பெருமைன்னு நான் எழுதினது வெளியே இருந்து பார்க்கிறவன் பேச்சு. அதை ஏத்துக்கிறேன். காக் கவுண்டியிலயும் அம்மாக்கள் இருந்திருப்பாங்க, அவங்க யாரையும் நான் கேட்டதில்லை.

ஆனா ஜெயில் விஷயத்துல நான் மாறலை. உங்கப்பா மூணு தடவை உள்ள போனதுல யாருக்கு என்ன லாபம்? கள்ளக்குறிச்சிக்கு அப்புறம் தமிழ்நாட்டுச் சட்டத்தை ஆயுள் தண்டனை, லட்சக்கணக்குல அபராதம் வரை கடுமையாக்கிட்டாங்க. மெத்தனால் வித்துக் கொன்னவருக்கு அது போதாதுன்னு கூடச் சொல்வேன். உங்கப்பாவையும் அவரையும் ஒரே தட்டுல வைக்காதீங்கன்னுதான் கேட்கிறேன்.

மலையடிவாரம்:
அதுல நானும் உங்க பக்கம்தான் அண்ணா.

செங்காந்தள்:
தம்பி, அம்மாவைப் பத்தி எழுதினதுக்கு நன்றி. நான் ஆரம்பத்துல கேட்ட கேள்வியில அவங்க இல்லை. குடிக்கிறவங்களை மட்டும்தான் நினைச்சுக் கேட்டேன்.

அந்த ஷோ மேல எனக்கிருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கு. மலைநாடன் தம்பி தண்டனையைப் பத்திச் சொன்னதுக்கு மட்டும் பதில் சொல்லணும், ஏன்னா அது வார்டுலயே தெரியும். மெத்தனால் கேஸ்ல நேரம்தான் எல்லாம். சீக்கிரம் தெரிஞ்சா மாத்து மருந்து கொடுக்கலாம், டயாலிசிஸ் போடலாம். அதனால முதல்ல கேட்கிற கேள்வி, "என்ன குடிச்சீங்க, எத்தனை மணிக்கு?" ஒருத்தர் வந்தார், 40 வயசு இருக்கும். குடிக்கவே இல்லைன்னு சாதிச்சார். ராத்திரி சாப்பிட்ட கறிக்குழம்பு சேரலை, வயித்து வலி மட்டும்தான்னார். மூணு தடவை கேட்டேன். வெளியே போலீஸ் நின்னுக்கிட்டிருந்தது அவருக்குத் தெரியும். அவர் மனைவி என்னைச் சேலைத் தலைப்பைப் பிடிச்சு இழுத்து, படிக்கட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போய், காதுக்குள்ள சொன்னாங்க: "காலையில அஞ்சு மணிக்கே குடிச்சாரு." அப்ப சாயங்காலம் ஆறரை.