ரிவால்வருக்குப் பூச்சிட்ட ஈயக் குண்டுகள்: முதலில் பார்க்க வேண்டியது விட்டமா, கடினத்தன்மையா?

கேள்வி: ஒஹாயோ_இலக்கு

அனைவருக்கும் வணக்கம். நான்கு அங்குலக் குழல் கொண்ட .357 மேக்னம் ரிவால்வர் ஒன்று என்னிடம் உள்ளது. பெரும்பாலும் .38 ஸ்பெஷல் தோட்டாக்களையே அதில் பயன்படுத்தி, 25 கஜத் தொலைவில் காகித இலக்கைச் சுடுகிறேன். இதுவரை 158 கிரெய்ன் எடையுள்ள செப்பு உறைக் குண்டுகளைக் கொண்டே தோட்டாக்களை வீட்டில் மறுநிரப்பு செய்து வந்தேன். இனி அதே எடையில், தட்டை முனை கொண்ட செமி வாட்கட்டர் வடிவத்தில், பாலிமர் பூச்சிட்ட ஈயக் குண்டுகளுக்கு மாற விரும்புகிறேன்.

விற்பனைப் பட்டியல்களைப் பார்க்கும்போது குழப்பமே மிஞ்சுகிறது. ஒருவர் உலோகக் கடினத்தன்மைக்கான பிரினெல் அளவில் 12 என்று தருகிறார். மற்றொருவர் 18 என்று தந்து, கடினமான குண்டு குழலில் ஈயத்தைப் படியவிடாது என்கிறார். விட்டமும் 0.357, 0.358 அங்குலம் என இருவகையாகக் கிடைக்கிறது. பூச்சு இருப்பதால் இந்த வேறுபாடுகள் பொருட்டல்ல என்று சிலர் சொல்வதை ஏற்கலாமா? வெடிமருந்து அளவுக்கு எந்த அட்டவணையைப் பின்பற்ற வேண்டும்? செப்பு உறைக் குண்டுகளுக்கு வாங்கிய டைகளே (மறுநிரப்பு அச்சுகளே) போதுமா? வீட்டில் சிறு குழந்தை இருப்பதால், ஈயத்தைக் கையாளும் முறை பற்றியும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஈயவார்ப்பாளர்

நண்பருக்கு வணக்கம். நீங்கள் கேட்டவற்றுள் முதலில் தீர்க்க வேண்டியது விட்டம். அது சரியாக அமைந்துவிட்டால் கடினத்தன்மை பற்றிய கவலையில் பாதி தானாகவே நீங்கும். அது தவறினால் எவ்வளவு நல்ல பூச்சும் உதவாது.

ரிவால்வரில் குண்டு பயணிக்கும் வழியை நினைத்துப் பாருங்கள். தோட்டாவின் பித்தளை உறையை விட்டு வெளியேறியதும் அது சிலிண்டர் அறையின் முன்பகுதியான த்ரோட் வழியாகச் சென்று, சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியைத் தாண்டி, ஃபோர்சிங் கோன் எனப்படும் கூம்பு வாயில் நுழைந்து, அதன் பிறகே குழலின் உட்புறச் சுருள் பள்ளங்களான ரைஃப்ளிங்கைப் பற்றுகிறது. குண்டு த்ரோட்டை விடச் சிறியதாக இருந்தால், அதன் பக்கவாட்டில் சூடான வாயு பாய்ந்து ஈயத்தை அரித்து, அந்த ஈயத்தைக் குழலின் முதல் அங்குலத்திலேயே பூசிவிடும். த்ரோட் குழலின் பள்ள விட்டத்தை விடச் சிறியதாக இருந்தாலும் இதே கதிதான். நீங்கள் பெரிய குண்டையே வைத்தாலும், த்ரோட் அதை இறுக்கிச் சிறிதாக்கித்தான் குழலுக்குள் அனுப்பும். ஆகவே குண்டு த்ரோட்டுக்குச் சமமாகவும், த்ரோட் குழலின் பள்ள விட்டத்தை விட ஒரு மயிரிழை பெரியதாகவும் இருப்பதே நாம் வேண்டுவது. .38, .357 ரிவால்வர்களில் இது பெரும்பாலும் 0.358 அங்குலக் குண்டில் வந்து நிற்கும். 0.357 என்பது செப்பு உறைக் குண்டுக்குரிய வழக்கமான அளவு.

குண்டுகளை மொத்தமாக வாங்குவதற்கு முன் சிலவற்றை மட்டும் மாதிரியாக வாங்கிச் சோதியுங்கள். சிலிண்டர் காலியாக இருப்பதை உறுதிசெய்து, அதைக் கழற்றி, ஒவ்வொரு அறையின் முன்பக்கத்திலிருந்தும் ஒரு குண்டை விரலால் அழுத்துங்கள். தானாக விழுந்து ஓடினால் குண்டு சிறியது. கட்டைவிரலின் உறுதியான அழுத்தத்திற்கு இசைந்து நகர்ந்தால் பொருத்தம் நல்லது. எவ்வளவு அழுத்தியும் நுழையாவிட்டால் த்ரோட் குறுகலானது. எண்ணாகத் தெரிய வேண்டுமானால், துளைக்குள் செருகி விட்டம் பார்க்கும் அளவுக் கம்பிகளான பின் கேஜ் வாங்குங்கள். கேலிப்பரின் உள்தாடைகள் இத்தனை சிறிய துளையை நம்பத்தக்க அளவில் அளப்பதில்லை.

குழலை அளக்க, தூய மென்ஈயத் துண்டொன்றில், தூண்டிலில் கட்டும் ஈயமே போதும், எண்ணெய் தடவி, பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளி வெளியே எடுங்கள். தள்ளும்போது கை உணர்வதைக் கவனியுங்கள். குழல் சட்டத்தில் திருகப்பட்டிருக்கும் இடத்தில் திடீரென இறுக்கம் கூடினால், அங்கே குழல் சற்றுச் சுருங்கியுள்ளது என்று பொருள். ஈயம் படிவதற்குப் பலர் அறியாத காரணம் இது. உங்கள் ரிவால்வர் ஸ்மித் அண்ட் வெஸன் என்றால் மற்றொன்றும் உண்டு. அந்தக் குழல்களில் பள்ளங்கள் ஐந்து என்பதால் ஒரு பள்ளத்திற்கு நேர் எதிரே மேடுதான் வரும். சாதாரண மைக்ரோமீட்டரில் உண்மையான பள்ள விட்டம் கிடைக்காது. வி வடிவத் தாங்கி கொண்ட மைக்ரோமீட்டரே அதற்கு ஏற்றது.

இனி கடினத்தன்மை. தூய ஈயம் பிரினெல் அளவில் ஏறத்தாழ 5. விற்பனைக்கு வரும் வார்ப்புக் குண்டுகளில் பெரிதும் காணப்படும் கலவை ஈயம் 92, ஆன்டிமனி 6, வெள்ளீயம் 2 விழுக்காடு. அது 15 அல்லது 16 அளவில் இருக்கும். பிரினெல் எண்ணை 1,422 ஆல் பெருக்கினால், அந்தக் கலவை எந்த அழுத்தத்தில் இளகி விரியத் தொடங்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு கிடைக்கும் என்பது வார்ப்பவர்களின் வழக்கம். 12 என்றால் சுமார் 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு). 18 என்றால் 25,000க்கும் மேல். .38 ஸ்பெஷலுக்கு, தோட்டாக்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான சாமி (SAAMI) வகுத்துள்ள உச்ச அழுத்தமே 17,000 பிஎஸ்ஐதான்; .357 மேக்னத்திற்கு 35,000. நீங்கள் சுடுவது மிதமான .38 என்பதால் 18 உங்களுக்குத் தேவையற்றது. அத்தனை கடினமான குண்டு சிறிதேனும் விட்டம் குறைந்திருந்தால், விரிந்து அந்த இடைவெளியை அடைக்கவும் அதனால் இயலாது. 12 முதல் 15 வரை வாங்குங்கள். பின்னாளில் முழு அழுத்த .357 நிரப்ப நினைத்தால் அப்போது கடினமானதைப் பற்றி யோசிக்கலாம்.

பூச்சு முழுமையாக வெந்துள்ளதா என்பதை நீங்களே சோதிக்க முடியும். அசிட்டோன் தோய்த்த வெள்ளைத் துணியால் குண்டை அழுத்தித் துடைக்கும்போது நிறம் துணியில் இறங்கக் கூடாது. அடுத்து, ஒரு குண்டைப் பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டையாக்குங்கள். பூச்சு ஈயத்தோடு சேர்ந்து நீள வேண்டும், செதிலாக உரியக் கூடாது. உரிந்தால் அந்தத் தொகுதியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மறுமொழி 2: மெதுவான_கை

மேலே ஐயா எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் சரியான விட்டத்தில் வாங்கிய குண்டைச் சரியான விட்டத்திலேயே உறைக்குள் இறக்குவது தனி வேலை. செப்பு உறைக் குண்டுக்கென வந்த டைகளில் பித்தளை உறையின் வாயை விரிக்கும் எக்ஸ்பாண்டர் முளை, ஈயக் குண்டுக்கு வேண்டிய விட்டத்தை விடச் சிறியதாக இருப்பது வழக்கம். குறுகிய பித்தளை உறைக்குள் மென்மையான குண்டை அழுத்தினால் உறை விரிவதில்லை, குண்டுதான் சுருங்குகிறது. 0.358 என்று வாங்கியது உள்ளே போனபின் 0.356 ஆகிவிடும்; பழி மட்டும் பூச்சின் மேல் விழும்.

ஆகையால் ஈயக் குண்டுக்கான எக்ஸ்பாண்டர் வாங்குங்கள். லைமன் எம் டை வகையில் முளை இரு படிகளாக இருக்கும்; கீழ்ப்படி உறையின் உட்பக்கத்தை விரிக்கும், மேல்படி வாயருகே சிறு மேடை போல அமைத்துத் தரும். குண்டை அந்த மேடையில் வைத்தால் சாயாமல் நேராக நிற்கும். உறைவாயின் விரிவு போதாமல் போனால் பித்தளை விளிம்பு கத்தியாகிப் பூச்சைச் சீவிவிடும். உறைவாயைச் சுற்றி மெல்லிய நிற வளையமோ சுருளோ தென்பட்டால் உடனே நிறுத்தி, விரிவைச் சற்றுக் கூட்டுங்கள். அளவுக்கு மீறி விரித்தால் பித்தளை விரைவில் பிளக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குண்டை இறக்குவதையும், அது நகராதபடி உறைவாயை உள்ளே மடித்து இறுக்கும் கிரிம்ப்பையும் ஒரே அசைவில் செய்யாதீர்கள். உறைவாய் உள்ளே மடியும்போது குண்டு இன்னும் கீழிறங்கிக் கொண்டிருந்தால் பூச்சு உராய்ந்து கிழியும். முதலில் எல்லாவற்றையும் உரிய ஆழத்தில் இறக்கிவிட்டு, டையை மறுபடி சரிசெய்து, கிரிம்ப் பள்ளத்திற்குள் ரோல் கிரிம்ப் கொடுங்கள். கார்பைடு வளையம் பொருத்திய ஃபேக்டரி கிரிம்ப் டையை ஈயக் குண்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. தோட்டாவின் வெளி அளவைச் சீராக்கும்போது அது உள்ளே இருக்கும் குண்டையும் நசுக்கிவிடக்கூடும்.

செய்தது சரிதானா என்பதை அறிய, மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைச் செய்து, சுத்தியல் வடிவ புல்லரால் குண்டை வெளியே எடுத்து, அடிப்பகுதியை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நூற்றுக்கணக்கில் நிரப்பத் தொடங்க வேண்டாம்.

மறுமொழி 3: பழைய_சிலிண்டர்

கார்பைடு வளையம் பற்றி மட்டும் சற்று மாறுபடுகிறேன். உறையின் சுவர் மெல்லியதாக இருந்து, குண்டும் 0.358ஐத் தாண்டாதபோது அந்த வளையம் தோட்டாவைத் தொடாமலே போவதும் உண்டு. டைக்குள் செலுத்தும்போது கையில் உராய்வு தெரிகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம். தெரிந்தால் நண்பர் சொன்னதே சரி.

வெடிமருந்து அளவு பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை தரவில்லை. பூச்சிட்ட ஈயக் குண்டுக்கு, அதே எடையும் வடிவமும் கொண்ட வார்ப்பு ஈயக் குண்டின் அட்டவணையை, அச்சிட்ட கையேட்டிலோ மருந்து நிறுவனத்தின் சொந்த வெளியீட்டிலோ பார்த்து, தொடக்க அளவிலிருந்து படிப்படியாகச் செல்லுங்கள். குண்டு விற்பவரே தரவு தந்திருந்தால் அதையும் ஒப்பிடுங்கள். இணையத்தில் யாரோ எழுதிய அளவை, இந்த இழையில் எழுதப்பட்டாலும் சரி, எடுத்தாளக் கூடாது. அதனால்தான் நானும் இங்கே எந்த அளவையும் குறிப்பிடவில்லை. செமி வாட்கட்டருக்கான அளவை வாட்கட்டருக்கு மாற்றுவதும் தவறு. வாட்கட்டர் உறைக்குள் முழுதாக அமிழ்ந்து அமர்வதால் மருந்துக்கான இடம் குறைந்து அழுத்தம் ஏறும்.

.38 ஸ்பெஷல் உறை 1898 வாக்கில், அதிக இடம் பிடிக்கும் பழைய கருமருந்தின் மரபில் வடிவமைக்கப்பட்டது. 1.155 அங்குல நீளமுள்ள அந்த உறையில், இன்றைய வேகமான மருந்தின் சிறிய அளவு அடியில் ஒரு கரண்டிப் படிவாகத்தான் கிடக்கும். இருமடங்கு விழுந்தாலும் வழியாது. அதில்தான் ஆபத்து உள்ளது. குண்டை வைக்குமுன் எல்லா உறைகளையும் மரத்தட்டில் நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். மருந்து மட்டம் எங்கேனும் உயர்ந்தோ தாழ்ந்தோ தெரிந்தால் அந்த உறையைக் கொட்டி மறுபடி அளங்கள். சுடும்போது ஓசை மெலிந்து கேட்டால் அடுத்த விசையை இழுக்காமல், துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, தோட்டாக்களை வெளியே எடுத்து, குழலில் குண்டு சிக்கியுள்ளதா என்று பாருங்கள். மருந்தே விழாத உறையில் பிரைமர் மட்டும் வெடித்தாலும் குண்டு குழலில் போய் நிற்க அது போதும்.

கிரிம்ப் போதுமா என்பதற்கும் எளிய சோதனை உண்டு. ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தை அளந்து அடையாளமிட்டு, மற்ற அறைகளில் உள்ளவற்றைச் சுட்டபின் அதை எடுத்து மறுபடி அளங்கள். நீளம் கூடியிருந்தால் பின்னுதைப்பில் குண்டு முன்னே நகர்கிறது. அது மேலும் நகர்ந்தால் சிலிண்டர் முனையைத் தாண்டி, சிலிண்டர் சுழல்வதையே தடுத்துவிடும்.

ஒஹாயோ_இலக்கு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பின் கேஜ் இரவல் கிடைத்தது. ஆறு த்ரோட்களிலும் 0.358 நுழைகிறது, 0.359 நுழையவில்லை. மாதிரியாக வாங்கிய 0.358 குண்டுகள் விரல் அழுத்தத்திற்கு நீங்கள் சொன்னவாறே இசைகின்றன. ஆனால் என் பழைய எக்ஸ்பாண்டரைக் கொண்டு செய்த வெற்றுத் தோட்டாவிலிருந்து இழுத்த குண்டின் அடிப்பகுதி 0.3565 காட்டியது, பூச்சில் ஒரு பக்கம் நீளமான கீறலும் இருந்தது. எம் டை வந்தபின் அதே சோதனையில் 0.358 அப்படியே நிற்கிறது, கீறலும் இல்லை. கடினத்தன்மை 12 உள்ளதையே வாங்கப் போகிறேன். குழந்தை பற்றிய கேள்வி மட்டும் எஞ்சியுள்ளது.

மறுமொழி 4: ஈயவார்ப்பாளர்

அளவுகள் நன்றாக உள்ளன. இனி ஈயம் படிந்தால் எங்கே படிகிறது என்று பாருங்கள். கூம்பு வாயை ஒட்டி என்றால் விட்டத்தையும், குழல் முனையருகே என்றால் பூச்சு தேய்ந்து அறுபடுவதையும் சந்தேகிக்கலாம். கறுப்புக் கோடுகள் எல்லாம் ஈயம் அல்ல. எரிந்த மருந்தின் கரி எண்ணெய்த் துணியில் வந்துவிடும், ஈயம் வராது. .38 உறை .357 உறையை விட நீளம் குறைந்தது என்பதால், அறைக்குள் அதன் வாய்க்கு முன்னே கரி வளையம் ஒன்று கட்டும்; .357 தோட்டா போடுமுன் அதைத் தேய்த்து அகற்றுங்கள்.

குழந்தை பற்றிக் கேட்டது மிகச் சரி. பூச்சு குண்டின் அடிப்பகுதியையும் மூடுவதால் சுடும்போது எழும் ஈய ஆவி குறைகிறது, கையில் ஒட்டும் ஈயமும் குறைகிறது. ஆயினும் வழக்கமான பிரைமர்களில் ஈய ஸ்டிஃப்னேட் இருக்கிறது. சுட்ட உறைகளை உலர்முறையில் மெருகூட்டும்போது பறக்கும் தூசியில் அந்த ஈயம்தான் கலந்திருக்கிறது. வீடுகளில் இதையே நான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். மெருகூட்டும் பொறியை வீட்டுக்கு வெளியே வையுங்கள், அல்லது நீர்முறைக்கு மாறிவிடுங்கள். வேலை மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த துடைப்பமும் சாதாரண வாக்குவம் கிளீனரும் தூசியைக் காற்றில் ஏற்றிவிடும். சுடுதளத்தில் அணிந்த காலணி வாசலுக்கு வெளியிலேயே இருக்கட்டும், அன்றைய உடுப்பைத் தனியாகத் துவையுங்கள், குழந்தையைத் தூக்குமுன் கையையும் முகத்தையும் சோப்பால் கழுவுங்கள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் குழந்தைகளின் இரத்த ஈயத்திற்கான குறிப்பெல்லையை டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தது. குழந்தை மருத்துவரிடம் உங்கள் பொழுதுபோக்கைச் சொல்லி, அடுத்த பரிசோதனையில் ஈயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.