எலி நிணநீர் முடிச்சில் டி.எஃப்.எச். செல்கள் (பி செல்களுக்கு உதவும் டி செல்கள்) தனியாகப் பிரியவில்லை, உதவி வேண்டும்

எச்.ஐ.வி. தடுப்பூசி வேலை. சி57 பிளாக் 6 (ஆய்வக இன) எலிகளுக்குப் பின்னங்காலில் பிஜி505 சோசிப் டிரைமர் என்ற எச்.ஐ.வி. மேலுறைப் புரதத்தை, தடுப்பாற்றலைத் தூண்டும் அட்ஜுவன்ட்டோடு ஊசி போட்டோம். 10ஆம் நாள் முழங்கால் மடிப்பு நிணநீர் முடிச்சை எடுத்தோம்.

ஃப்ளோவில் (சாயமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் முறை) ஜிஎல்7, ஃபாஸ் என்ற அடையாளங்கள் இரண்டும் ஏறிய பி செல்கள் அழகாகத் தெரிகின்றன. டி செல் உதவியில்லாமல் அவை பிழைக்காது. ஆக, உதவி செய்கிறவை உள்ளேதான் இருக்க வேண்டும். ஆனால் சிடி4 டி செல்களை மட்டும் பிரித்த கேட்டில், டி.எஃப்.எச்.-ஐக் காட்டும் இரு அடையாளங்களில் பிடி-1 நன்றாக ஏற, சிஎக்ஸ்சிஆர்5 மட்டும் தனிக் கூட்டமாகப் பிரியாமல் வால்போல இழுபடுகிறது.

சிஎக்ஸ்சிஆர்5 ஆன்டிபாடியோடு 4 டிகிரியில் அரை மணி, அப்புறம் 37 டிகிரியில் ஒரு மணி வைத்துப் பார்த்தாயிற்று. ஆன்டிபாடியை இரட்டிப்பாக்கினால் பின்னணிதான் கூடியது. புதுக் குப்பியிலும் அதே கதை. திசுவைக் கரைக்கும் கொலாஜனேஸ் நொதியைத் தொடவே இல்லை, சல்லடையில் தேய்த்துத்தான் செல் எடுத்தோம்.

பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் முறையில் (பயோட்டின் ஒட்டிய ஆன்டிபாடி, அதைப் பிடிக்கும் சாயமேற்றிய ஸ்ட்ரெப்டாவிடின்) இதைப் பிரித்தவர்கள், எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?