மூடிய ட்ரெயிலருக்குப் பனியிலும் உப்பிலும் தாக்குப்பிடிக்கிற பூட்டு எது?

மணவறைக்காரன் (ஸ்காபரோ)

எல்லோருக்கும் வணக்கம். கல்யாணங்களுக்கு மணவறைச் சோடனை செய்கிறேன். தூண், துணி, விளக்குகள் எல்லாம் 7 அடிக்கு 14 அடி மூடிய ட்ரெயிலருக்குள்தான் இருக்கின்றன. கராஜுக்குள் போகாத உயரம் என்பதால் வருடம் முழுக்க அது வெளியேதான் நிற்கும். பின்பக்கம் இரட்டைக் கதவு, மேலிருந்து கீழ்வரை போகிற கேம் பார் கம்பி, அதற்கு நாதாங்கி. பக்கத்தில் ஆள் ஏறுகிற சின்னக் கதவு, அதில் கைபிடியோடு சேர்ந்து வந்த பூட்டு இருக்கிறது, அதற்கு மேல் ஒரு நாதாங்கியும் உண்டு. ட்ரெயிலரோடு சேர்த்துத் தந்த, தகடுகளை அடுக்கிச் செய்த இரும்புப் பூட்டுகள்தான் இப்போது தொங்குகின்றன.

டிசம்பர் பிறந்தால் திறப்பு உள்ளே போக மறுக்கிறது, போனாலும் திரும்பாது. 401 நெடுஞ்சாலையில் ஒருக்கா போய் வந்தாலே பின்கதவு முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்துவிடும், மார்ச் முடிவதற்குள் வளையம் முழுக்கக் கறள். கடையில் போய்ப் பார்த்தால் எல்லாப் பெட்டியிலும் வெதர்ப்ரூஃப் என்றுதான் எழுதியிருக்கிறது. பித்தளை வாங்குவதா, ஸ்டெயின்லெஸ்ஸா? ரப்பர் மூடி போட்டு வருகிறதே, அது உண்மையில் உதவுமா? காலை 5 மணிக்கு மண்டபத்துக்கு வெளிக்கிட வேண்டியவனுக்குப் பூட்டோடு மல்லுக்கட்ட நேரமில்லை.

பூட்டுக்கடை (மிசிசாகா)

தம்பி, உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. கறள் பிடிப்பது உப்பால். உறைவது பெரும்பாலும் நல்ல தண்ணீரால். உப்புத் தண்ணீர் மைனஸ் 5இல் உறையாது, ஈரமாகவே இருந்து இரும்பைத் தின்னும். பகலில் கூரைப் பனி உருகிக் கதவு வழியே ஒழுகிப் பூட்டுக்குள் இறங்குகிறதே, அதுதான் இரவில் கட்டியாகி உள்ளே இருக்கிற ஊசிகளைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் வீங்கும், அவ்வளவு இடம் பூட்டுக்குள் கிடையாது.

அதனால் நான் முதலில் பார்ப்பது தண்ணீர் உள்ளே போகாமல் இருக்குமா என்பதை இல்லை, போன தண்ணீர் வெளியே வர வழி இருக்கிறதா என்பதைத்தான். ரப்பர் மூடி மழைக்கும் சேற்றுக்கும் நல்லது, ஆனால் வளையம் நுழைகிற பக்கத்தில் இடைவெளி இருந்து கீழே வடிதுளை இல்லாவிட்டால், புகுந்த தண்ணீரை அந்த மூடியே உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். வாங்கும்போது பூட்டைக் கவிழ்த்து அடியில் சின்னத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். தொங்கவிடும்போது திறப்புத் துவாரம் கீழே பார்க்க வேண்டும். தகடு அடுக்கிய பூட்டில் ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் ஒரு கீறல் இடைவெளி உண்டு, உப்புக்கு அது வசதியான வீடு. உலர்ந்த இடத்தில் அது மோசமான பூட்டு இல்லை, நம் ஊர் நெடுஞ்சாலைக்குத்தான் சரிவராது. ஹியூரன் ஏரிக்கு அடியில் கொடெரிச்சில் உலகத்திலேயே பெரிய உப்புச் சுரங்கத்தை வைத்துக்கொண்டு அதை அள்ளி வீதியில் கொட்டுகிற மாகாணம் இது.

பித்தளை உடம்பு கறள் பிடிக்காது, சரி. ஆனால் வளையம் பெரும்பாலும் குரோம் பூசிய எஃகுதான், பூச்சு சுரண்டுப்பட்ட இடத்தில் ஆரம்பித்துவிடும். அதோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வளையத்தைப் பெரிய கட்டர் ஒரே கடியில் வெட்டும். உங்கள் பின்கதவுக்கு வட்டமான டிஸ்கஸ் வகைதான் என் யோசனை. ஜெர்மனியில் ஆபுஸ் 1949இல் கொண்டுவந்த வடிவம் அது, இப்போது எல்லோரும் செய்கிறார்கள். 70 மில்லிமீட்டர் அளவு வாங்குங்கள். வளையம் உடம்புக்குள்ளேயே சுற்றிப் போகும், கட்டரின் வாய் நுழைய இடம் கொடுக்காது.

ஸ்டெயின்லெஸ் என்றால் எல்லாம் ஒன்றில்லை. 304 என்ற வகை சாதாரணம். 316இல் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்புக்குப் படகுக்காரர் கேட்பது அதைத்தான். இன்னொன்று, பெட்டியில் ஈ.என். 12320 என்ற ஐரோப்பியத் தரத்தைப் போட்டு 1 முதல் 6 வரை ஒரு படிநிலை காட்டியிருந்தால், அது உடைப்புக்கு எதிரான பலம். கறளுக்கான வகைப்பாடு அதிலேயே வேறாக வரும். 4ஆம் தரம் என்று பார்த்துவிட்டு உப்பைத் தாங்கும் என்று நினைக்காதீர்கள்.

எட்மன்டன்வாசி

பூட்டுக்கடை அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் டிஸ்கஸ் பூட்டுகளில் பெரும்பாலானவை உள்ளே ஊசியும் சுருள்வில்லும் வைத்தவை, உடம்பு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும். இங்கே மைனஸ் 30 சாதாரணம். கொஞ்சம் ஈரம் போய் அந்தச் சின்ன ஸ்பிரிங் ஒட்டிக்கொண்டால் சாவி நுழைந்தாலும் திரும்பாது.

நான் ஆப்லோய் பக்கம் போய்விட்டேன். 1907இல் பின்லாந்தில் எமில் ஹென்ரிக்சன் கண்டுபிடித்த அமைப்பு. உள்ளே ஸ்பிரிங்கே இல்லை, வட்டத் தகடுகள் சாவியோடு சேர்ந்து சுழல்கின்றன, அவ்வளவுதான். மேலே தள்ளித் தர ஸ்பிரிங் எதுவும் தேவையில்லாததால் குளிரும் தூசியும் அதை அவ்வளவாக நிறுத்துவதில்லை. விலையைக் கேட்டால் மட்டும் நமக்குக் குளிரெடுக்கும். சாவி தொலைந்தால் தெருமுனைக் கடையில் நகல் எடுக்கவும் முடியாது.

எண்ணெய் விஷயம்: டபிள்யூ.டி. 40 அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்க வேண்டாம். அது ஈரத்தை விரட்டப் பிறந்த திரவம், பெயரில் உள்ள டபிள்யூ.டி. என்பதற்கே நீரை விரட்டுவது என்றுதான் பொருள். விரட்டிய பிறகு நெடுநாள் வழுக்கலுக்கு அதை நம்ப முடியாது. அது காய்ந்ததும் பி.டி.எஃப்.ஈ. (டெஃப்லான்) கலந்த உலர் ஸ்பிரே அடியுங்கள். கிராஃபைட் பொடி போட்டிருந்தால் அதன் மேல் எண்ணெய் விடாதீர்கள், இரண்டும் கலந்து கரும்பசையாகிவிடும். உறைந்த பூட்டில் கொதிநீர் ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அந்த நீரும் பத்து நிமிடத்தில் உள்ளேயே உறைந்து இன்னும் கெட்டியாகும். ஆல்கஹால் அடிப்படையிலான டி-ஐசர், அதாவது பூட்டுக்குள் உறைந்ததை உருக்குகிற திரவம், சின்னக் குப்பியாகக் கிடைக்கும், அதைக் கோட்டுப் பையில் வையுங்கள். வண்டிக்குள் வைத்தால் வண்டிக் கதவும் உறைந்திருக்கும் அன்றுதான் அது தேவைப்படும்.

சமையல்_அக்கா (மார்க்கம்)

எல்லாரும் பூட்டையே பேசுகிறீர்கள், பூட்டு எதில் தொங்குகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. தம்பி, கேம் பார் நாதாங்கி கதவில் எப்படிப் பிடித்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள். எங்கள் சாப்பாட்டு ட்ரெயிலரில் அது அலுமினியத் தகட்டில் வெறும் ஸ்குரூ ஆணியால் அடித்திருந்தது. ஒரு கடப்பாரை போதும், நூறு டொலர் பூட்டு பூட்டினபடியே நாதாங்கியோடு கழன்று வரும். அந்த ஆணிகளைக் கழற்றிவிட்டு, வெளியே மொட்டைத் தலை தெரிகிற கேரியேஜ் போல்ட் போட்டு, உள்ளே கதவின் இரும்புச் சட்டத்தில் பட்டித் தகடு வைத்து, தானாகக் கழலாத நைலான் நட்டால் இறுக்குங்கள். ஒரு சனிக்கிழமை வேலைதான்.

பக்கக் கதவின் கைபிடிப் பூட்டை நம்ப வேண்டாம். திறப்பில் சி.எச். 751 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். வட அமெரிக்காவில் கணக்கில்லாத கேம்பர்களிலும் சாமான் பெட்டிகளிலும் அதே திறப்புத்தான், யாரும் சில டொலருக்கு வாங்கலாம். அந்தக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்லோய் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கையில் பாட்டரி கிறைண்டரோடு வருகிறவனுக்கு எந்தப் பூட்டும் சில நிமிடம்தான். கதவைத் திறக்காமல் ட்ரெயிலரையே கொளுவிக்கொண்டு போகிறவனுக்கு அதுவும் வேண்டாம். எனக்குக் காசு போன இடம் கொளுக்கிப் பூட்டும் சக்கரப் பூட்டும். கதவுக்கு நடுத்தர விலையில் டிஸ்கஸ் போதும், இறுகத் தொடங்கினால் மாற்றிவிடுவேன். கொளுக்கிப் பூட்டு வாங்கும்போது உங்கள் கப்ளர் (வண்டியின் கொளுக்கிக் குண்டில் உட்காருகிற ட்ரெயிலர் வாய்) 2 அங்குலமா, 2 5/16 அங்குலமா என்று பார்த்து வாங்குங்கள், தவறினால் உட்காராது.

மணவறைக்காரன்

அக்கா, போய்ப் பார்த்தேன். பின்கதவில் போல்ட்தான், பக்கக் கதவில் நீங்கள் சொன்னபடியே ஸ்குரூ ஆணி. திறப்பிலும் அதே இலக்கம்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பூட்டுக்கடை அண்ணை, இரண்டு கேள்வி. பின்கதவு நாதாங்கித் துளை 11 மில்லிமீட்டர், 70 மில்லிமீட்டர் டிஸ்கஸ் போகுமா? பக்கக் கதவு நாதாங்கி அலுமினியம், அதில் ஸ்டெயின்லெஸ் பூட்டு உரசினால் பாதிப்பு உண்டா?

பூட்டுக்கடை (மிசிசாகா)

அந்த அளவு டிஸ்கஸின் வளையம் வழக்கமாக 10 மில்லிமீட்டர் தடிப்பு, அதனால் துளை சரி. ஆனால் துளையைவிட முக்கியம் துளையைச் சுற்றி இருக்கிற இடம். டிஸ்கஸின் வாய் ஒடுக்கம், நாதாங்கித் தகடு தடித்திருந்தாலோ பக்கத்தில் கம்பியின் கைபிடி முட்டினாலோ பூட்டு சுழன்று மூடாது. அளவு நாடா வேண்டாம், நாதாங்கியை ஒரு மட்டையில் வரைந்து வெட்டிக் கடைக்குக் கொண்டுபோய்ப் பூட்டுக்குள் விட்டுப் பாருங்கள். அல்லது டிஸ்கஸுக்கென்றே வளைத்துச் செய்த கவச நாதாங்கி கிடைக்கும், அக்கா சொன்ன போல்ட் வேலையோடு அதையும் மாற்றிவிடலாம்.

அலுமினியம் விஷயத்தில் உங்கள் பயம் நியாயம். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான், துளையோரம் வெள்ளை மாவு போல உதிரும். பூட்டு தொங்கும்போது அசைந்துகொண்டே இருப்பதால் மேற்பூச்சும் தேய்ந்துவிடும். எப்படியும் பக்கக் கதவு நாதாங்கியைக் கழற்றத்தானே போகிறீர்கள், ஸ்டெயின்லெஸ்ஸாகவே மாற்றுங்கள். அதற்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் விரிப்பு, போல்ட்டுக்கு நைலான் வாஷர். பனிக்காலத்தில் வெயில் எறிந்து உருகுகிற நாளில் பூட்டை வெந்நீரில் நன்றாக அலசி உப்பைக் கழுவி, வீட்டுக்குள் காயவைத்து, எட்மன்டன் தம்பி சொன்ன ஸ்பிரேயை அடித்துத் திரும்பக் கொளுவுங்கள். அந்த நேரத்துக்கு மாற்றுப் பூட்டு ஒன்று வேண்டும், அதனால் மூன்றாக வாங்குங்கள், ஒரே திறப்புக்குச் சரிவருகிற மாதிரிச் சொல்லி எடுக்கலாம். வாங்கிய பிறகு மாற்றுவதைவிட வாங்கும்போதே கேட்பது மலிவு. ஒரே கம்பெனி, ஒரே மொடலாக இருக்க வேண்டும்.

எட்மன்டன்வாசி

மூன்றாவதை வெளியே காரில் போட்டு வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள்.

மணவறைக்காரன்

சரி. பக்கக் கதவு நாதாங்கியை முதலில் மாற்றுகிறேன், பிறகு மட்டையோடு கடைக்குப் போகிறேன். அக்கா, சக்கரப் பூட்டில் உப்புச் சேறு அடைத்துக்கொள்ளாதா?

சமையல்_அக்கா (மார்க்கம்)

அடைக்கும். அதன் திறப்புத் துவாரத்துக்கு மட்டும் மூடி உள்ளதாகப் பாருங்கள், வீதிச் சேறு நேரே தெறிக்கிற இடம் அது. ஓடும்போது அதைக் கழற்றி வாளியில் போட்டுக்கொண்டுதானே போகப்போகிறீர்கள், நிறுத்திய பிறகுதான் மாட்டுவது. துடைத்துவிட்டு மாட்டுங்கள்.