கதைப் புத்தகங்களுக்குப் பூட்டிய பீரோ தேவையா?

கரும்பலகை (ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்)

2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பருவ இதழ், கதைப் புத்தகம் கொண்ட நூலகம் இருந்தாக வேண்டும் என்கிறது. நான் பணியாற்றிய மூன்று பள்ளிகளிலும் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் நின்ற ஓர் இரும்பு பீரோதான். நான்கும் ஐந்தும் சேர்ந்த என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் பெற்றோர் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். அவர்கள் வீட்டில் பாடநூலைத் தவிர அச்சடித்த தாள் என்றால் நாட்காட்டியும் குடும்ப அட்டையும்தான் இருக்கும். எனவே சென்ற ஆண்டு சன்னல் கம்பியிலிருந்து கதவு நிலைவரை சுவரோரமாகச் சணல் கயிறு கட்டி, அரசின் வாசிப்பு இயக்கம் அனுப்பிய மெல்லிய நூல்களைப் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கவிட்டேன். நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்து வந்த அந்நூல்களில் எதை எடுப்பது என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ‘நுழை’யை எடுத்தாலும் தடுக்கவில்லை. கதைப் புத்தகத்துக்குப் பூட்டே கூடாது என்பது என் வாதம்.

பேரேடு (தலைமையாசிரியர்)

கயிறு கட்டியதில் எனக்கு மறுப்பில்லை, ஐயா. ஆனால் புத்தகம் காணாமற்போனால் தணிக்கைக்கு வருகிறவர் கயிற்றைக் கேட்கமாட்டார், என்னைத்தான் கேட்பார். இருப்புப் பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு நூலுக்கும் நான் பொறுப்பு. ஓய்வு பெறும் ஆண்டில் ஒரு தணிக்கை ஆட்சேபணை நிலுவையில் இருந்தால் ஓய்வூதியக் கோப்பு நகராமல் நிற்பதை என் முன்னவரின் வாழ்வில் கண்ணால் கண்டேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் தொடக்கப்பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரைதான் அனுமதிக்கிறது. அதில் வாங்கியவை ஓராண்டிலேயே கிழிந்துபோனால் அடுத்து வரும் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது?

அச்சுமை (சிறார் நூல் பதிப்பில் பணி)

இருவரும் பூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள்; உள்ளே இருப்பது என்ன என்று யாரும் கேட்கவில்லை. நிதியாண்டு முடிகிற அவசரத்தில் வாங்கிக் குவித்த, பொடி எழுத்தில் பக்கத்துக்கு ஓர் அறிவுரை சொல்லும் நீதிக்கதைத் தொகுப்புகளைத் திறந்தே வைத்தாலும் எந்தக் குழந்தையும் தொடாது. பிரதம் புக்ஸ் என்ற சிறார் நூல் பதிப்பகம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் படக்கதைகள் தமிழிலும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஆசிரியர் உட்பட யாரும் அவற்றை அச்சிட்டுக்கொள்ளலாம்.

பேரேடு

வண்ண அச்சுக்குப் பணம் யார் கொடுப்பது? கறுப்பு வெள்ளை நகலில் கிளியும் காகமும் ஒன்றுபோலத்தான் தெரியும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வழவழப்பான புத்தகம், நம் பிள்ளைக்கு ஜெராக்ஸ் தாள் என்று ஆகிவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கரும்பலகை

நகலைப் பற்றித் தாங்கள் சொல்வது சரி. நானும் ஒருமுறை முயன்று கைவிட்டேன். கிழிவதைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒரு வெள்ளிக்கிழமை கேட்காமலேயே ஒரு நூலை எடுத்துச் சென்று, திங்களன்று அட்டையின் கிழிசலைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக் கொண்டுவந்து, யாரும் பார்க்காத நேரத்தில் அதே இடத்தில் தொங்கவிட்டாள். தம்பிக்குப் படித்துக் காட்டும்போது அவன் இழுத்துவிட்டானாம். எறும்பு மொய்த்ததால்தான் எனக்கே தெரிந்தது. அந்த ஆண்டு முழுவதும் தொலைந்தவை நான்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, பெற்றோர் கையொப்பத்துடன் அவற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்கினோம். தணிக்கையில் அதுபற்றி எந்தக் கேள்வியும் எழவில்லை.

பேரேடு

தங்களுக்கு வந்த தணிக்கையாளர் நல்லவராக இருந்திருக்கிறார். இருந்தாலும் அந்தத் தீர்மானத்தின் வாசகத்தை இங்கே பதிவிடுங்கள்; அடுத்த கூட்டத்தில் வைத்துப் பார்க்கிறேன். மெல்லிய நூல்களை வேண்டுமானால் கயிற்றுக்கு விடுகிறேன், ஆனால் கெட்டி அட்டை அகராதிகளின் சாவி என்னிடம்தான் இருக்கும்.

அச்சுமை

அகராதியைத்தான் ஐயா முதலில் வெளியே வைக்க வேண்டும்.